ரத்தத்தில் ஒன்றும் இல்லை

இலக்கியாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தபோது அப்பா கம்பெனி பஸ்ஸில் இருந்தார். வீட்டுக்குள் வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் போனை என்னிடம் நீட்டினார்.

"படி கண்ணு."

நான்கு பக்கம். எல்லாம் இங்கிலீஷ். நான் பத்தாவதோடு நின்றவள், ஆனாலும் எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்து எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். முதல் பக்கத்தின் நடுவில் ஒரு கட்டம். அதற்குள் தடித்த எழுத்தில் ஒரே ஒரு வரி. அதைச் சொல் சொல்லாகத் தமிழில் சொன்னேன். நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை.

"அப்படின்னா?"

"ஜீன்ல ஒண்ணும் கண்டுபுடிக்கலயாம்பா."

"ஒண்ணும் இல்லயா?"

"கண்டுபுடிக்கல."

"அதான் கண்ணு, ஒண்ணும் இல்ல." அவர் சமையலறையில் இருந்த அம்மா பக்கம் திரும்பிக் கத்தினார். "பொற்கொடி, ரத்தத்துல ஒண்ணும் இல்லையாம். ஓகே ஆயிருச்சு."

அப்பா சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். பதினெட்டு வருடமாக அதே மேசை. பாகத்தை எடுத்து அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் பச்சை டேக், தவறாக இருந்தால் சிவப்பு டேக். மஞ்சள் டேக் என்று ஒன்றும் இருக்கிறது, சந்தேகமானவற்றுக்கு. மஞ்சள் கட்டினால் அந்தப் பாகத்தை மறுபடி அளக்க வேண்டும், சூப்பர்வைசர் வந்து நின்று சத்தம் போடுவார். அதனால் அப்பா மஞ்சள் கட்டுவதே இல்லை. குறை கண்ணில் படாதது எல்லாம் அவருக்குப் பச்சை.

அன்று இரவே முதல் பக்கத்தை மட்டும் கலரில் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்துகொண்டு வந்தார். மற்ற மூன்று பக்கம் பொடி எழுத்து. "அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் அவனுக்குப் போட்டுக்கறது" என்றார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் என் கல்யாணம் ஐந்து மாதமாக நின்றிருந்தது.

வெங்கட் மாமா அம்மாவின் தம்பி. அவருக்கு இருபத்தொன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. நான் பிறந்த அன்றே எனக்கு அவர் என்று ஆகிவிட்டது. அம்மாவுக்கும் அப்பா தாய்மாமன்தான். எங்கள் சொந்த ஊரான சிங்காரப்பேட்டைப் பக்கம் இதை யாரும் நின்று பேசுவதில்லை. அக்கா மகள் இருக்கும்போது வெளியில் பெண் தேடினால்தான் பேசுவார்கள்.

தடை வந்தது இலக்கியாவால். இலக்கியா என் தங்கை. எட்டு வயது. மூன்று வயதில் அவளுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். மொட்டை மாடியில் நின்று பெங்களூர் ரோட்டில் போகும் லாரி நம்பர்களைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று மட்டும் சொல்ல வராது. அன்று பார்த்த டாக்டர் அப்பாவிடம், சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். ஆமாம் என்றதும் எதையோ எழுதி அடியில் கோடு போட்டார். அந்தக் கோட்டை அப்பா மறக்கவே இல்லை. எனக்கும் மாமாவுக்கும் நாள் பார்க்கலாம் என்று அம்மா சொன்னபோதெல்லாம், "மறுபடி அதே ரத்தத்துலயா?" என்பார்.

அம்மாவுக்கு வேறு கணக்கு இருந்தது. "வெளியில குடுத்தா வர்றவன் காவியாவப் பாப்பான். இலக்கியாவப் பாப்பானா? நம்ம காலத்துக்கப்புறம் அதுக்கு யாரு இருக்கா? என் தம்பினா அவளயும் சேத்துப் பாத்துக்குவான்."

நான் அப்போது அங்கேதான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பங்குனியில் தெரபி சென்டரில் ரத்தம் எடுத்தார்கள். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறதாம். குழந்தை, அம்மா, அப்பா, மூன்று பேருக்கும் பரிசோதனை இலவசம். கூடவே பதினான்கு பக்கக் கேள்வித்தாள். கிருபாராணி மேடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர்தான் இலக்கியாவுக்குத் தெரபி கொடுப்பவர். கேள்வியில் பாதி பரம்பரையைப் பற்றி, பாதி வயிற்றில் இருந்தபோது அம்மா சாப்பிட்டது, குடித்தது, சுவாசித்தது பற்றி.

"குடும்பத்துல யாராச்சும் லேட்டாப் பேசினாங்களா?"

"இவரு நாலு வயசுலதான் பேசினாராம்" என்று அம்மா அப்பாவைக் காட்டினாள். அப்பா கூச்சமாகச் சிரித்தார். "இவளும் ரெண்டரை வயசுக்கு மேலதான்" என்று என்னைக் காட்டினாள். "இப்ப மட்டும் பேசறாளா என்ன? பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிட்டாக்கூட உள்ளேன்னு சொல்ல வராது மேடம். டீச்சர் ஆப்சென்ட் போட்டுருவாங்க."

கிருபாராணி மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பேனா ஒரு கட்டத்தில் டிக் அடிக்கும் சத்தம் கேட்டது.

"இலக்கியா வயித்துல இருக்கறப்ப என்ன வேலை பாத்தீங்க?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னாள்.

"பாகலூர் ரோட்டுல ரோஜாத் தோட்டம் மேடம். பிளாஸ்டிக் கொட்டாய்க்குள்ள. ஏழு மாசம் வரைக்கும் போனன். மருந்தடிச்ச அன்னைக்கு மறுநாள் காலைலதான் உள்ள உடணும். பூ லோடு ஏத்தணும்னு சாயங்காலமே போவச் சொல்வாங்க. இலை ஈரமாவே இருக்கும். கையெல்லாம் எரியும். மாஸ்க் குடுத்தாங்க, மூச்சு முட்டுதுன்னு நான் போட மாட்டன். எழுதிக்குங்க மேடம், நான்தான் போடல."

மேடம் எழுதினார்.

"நல்லா எழுதிக்குங்க. என்னாலதான். ரத்தமெல்லாம் ஒண்ணும் கெடயாது."

பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள ஒருவர் இவ்வளவு அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. மருந்து என்றால் கல்யாணம் நடக்கும். ரத்தம் என்றால் நடக்காது. அம்மா மருந்தின் பக்கம் நின்றாள்.

ரிப்போர்ட் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வெங்கட் மாமா சிக்கன் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் ஜூஜுவாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வந்ததும் இலக்கியாவை மடியில் உட்கார வைத்து நகம் வெட்டினார். எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும்தான் அவள் விரலை நீட்டுவாள். நானோ அம்மாவோ நகவெட்டியை எடுத்தாலே மாடிக்கு ஓடிவிடுவாள்.

அப்பா லேமினேட் செய்ததை மேசையில் வைத்தார்.

"கண்ணு, மாமனுக்குப் படிச்சுக் காட்டு."

படித்தேன். அந்த ஒரு வரிதான். தமிழிலும் சொன்னேன்.

"பாத்தியா?" என்றாள் அம்மா. "நான் அன்னைலருந்து சொல்றன். அந்த மருந்து நாத்தம் இன்னும் என் மூக்குலயே இருக்குது."

"அப்ப நம்ம பாடி கிளீன்னு சர்டிபிகேட் வந்திருச்சு" என்றார் மாமா.

"உன் பாடி கிளீனா? அந்தக் கைய மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவுடா. சட்டில கிரீசு நாத்தம் அடிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். தை மாதம் என்று முடிவானது. அம்மா எனக்கு ஒரு கறித்துண்டு கூடுதலாக வைத்தாள். நான் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை, ஆனால் மீதம் வைக்கவில்லை.

அன்று மாலை மற்ற மூன்று பக்கங்களை என் போனில் இறக்கிக்கொண்டேன். தெரியாத சொல்லை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு பத்தி எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் 'பெற்றோர் நெருங்கிய உறவினர்' என்ற இடமும், 'உடன்பிறந்தோர்' என்ற இடமும் புரிந்தன.

செவ்வாய்க்கிழமை இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு போனபோது போனைக் கிருபாராணி மேடத்திடம் நீட்டினேன். கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பத்தியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"உங்க அப்பாவுக்கு நான் மூணு தடவை போன் பண்ணேன், நேர்ல வாங்க, விளக்கிச் சொல்லணும்னு. ரிசல்ட் நல்லா வந்திருக்கு மேடம், தேங்க்ஸ்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு." மேடம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "காவியா, கண்டுபிடிக்கலங்கறது வேற, இல்லங்கறது வேற. இந்த டெஸ்டுக்கு எல்லாமே தெரியாது. நிறையக் குழந்தைங்களுக்கு இப்படித்தான் வெறும் கையா வரும். ஆட்டிசத்துல பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கு. ஒரு ஜீன் இல்ல, நூத்துக்கணக்குல. அதுல கொஞ்சம் அப்பா பக்கம், கொஞ்சம் அம்மா பக்கம், கொஞ்சம் புதுசா குழந்தைகிட்டயே உண்டாகறது. அதுக்கு மேல வயித்துல இருக்கறப்ப நடக்கறதும் சேருது."

"மருந்து?" என்றேன்.

"சேந்திருக்கலாம். சேராமலும் இருக்கலாம். பல பேரச் சேத்துப் பாத்தா இது இவ்வளவு, அது இவ்வளவுன்னு சொல்லலாம். இலக்கியா ஒருத்திக்கு எது எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. குழம்பு கொதிச்சப்புறம் உப்பத் தனியா எடுத்து வைக்க முடியுமா?"

அவர் மூன்றாம் பக்கத்தைத் தமிழில் சொன்னார். இந்த முடிவை வைத்துப் பரம்பரைக் காரணம் இல்லை என்று எண்ணக்கூடாது. சொந்தத்தில் கல்யாணம் நடந்த குடும்பம் என்பதால், அடுத்த தலைமுறையிலும் உறவில் முடிக்க நினைத்தால் அதற்கு முன் கட்டாயம் மரபணு ஆலோசனை பெற வேண்டும்.

"பண்ணாதன்னு எழுதல, பாரு. நானும் சொல்ல மாட்டேன். சொந்தத்துல கட்டுனா சில பரம்பரை வியாதி வர வாய்ப்பு கூடும், அது உறுதி. ஆட்டிசத்துக்கு அப்படி உறுதியாச் சொல்ல முடியல." நிறுத்திவிட்டுக் கேட்டார். "உனக்கு விருப்பமா?"

இலக்கியா பக்கத்து அறையில் மணிகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணி விழும்போதும் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை ஏழு வரை எண்ணினேன். மேடம் மறுபடி கேட்கவில்லை.

வரும் வழியில் மூன்று பக்கங்களையும் பிரின்ட் எடுத்தேன். பையில் வைத்தபோது எனக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. நான் எதுவும் சொல்ல வேண்டாம். தாள் சொல்லிவிடும்.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்கு ஷிப்ட். அன்று மாமாதான் எங்களைப் பைக்கில் சென்டருக்குக் கூட்டிப் போவார். இலக்கியா முன்னால் டேங்க் மேல், நான் பின்னால். தெரபி முக்கால் மணி நேரம். அதுவரை எதிரில் உள்ள டீக்கடையில் அவர் நிற்பார், நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். அந்தச் சனிக்கிழமை நான் பக்கத்தில் போய் நின்றேன். தாள்களைக் கொடுத்தேன்.

"என்னாது இது?"

"ரிப்போர்ட்டு. அப்பா லேமினேட் பண்ணது மொதப் பக்கம்தான். மிச்சம் இது."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐடிஐ இங்கிலீஷுக்கு இதெல்லாம் ஓடாது. நீயே சொல்லு."

சொன்னேன். மேடம் சொன்னது எல்லாவற்றையும், ஒன்றன்பின் ஒன்றாக, டீக்கடை மேசையில் இருந்த பன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். குழம்பு, உப்பு வரைக்கும். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். முடித்ததும் தாள்களை மடித்து என்னிடம் கொடுத்தார்.

"சரி. நமக்கும் ஒண்ணு அப்பிடியே பொறந்துச்சுன்னு வெச்சுக்க, இலக்கியா மாதிரி. அதுக்கு இன்னா இப்ப? நான் வளக்க மாட்டனா?"

அவர் பொய் சொல்லவில்லை. வளர்ப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் யோசித்து வைத்திருந்த எந்தப் பேச்சிலும் இந்தப் பதில் இல்லை.

இனி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான். இன்னொரு இலக்கியா பிறக்கக்கூடாது என்று சொல்ல வேண்டும். அவளுக்கு ஐந்து வருடமாகச் சோறு ஊட்டுகிறேன். அவளுக்காகத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அங்கே உட்கார முடியவில்லை என்பதை நான் சொன்னதில்லை. அவள் பிறந்தது தவறு என்று அவளை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்று சொல்ல எனக்கு வரவில்லை. அதைச் சொல்லாவிட்டால் தாளில் எனக்கென்று வேறு எதுவும் இல்லை.

"வேற ஏதாச்சும் இருக்கா?" என்றார் மாமா.

"பேப்பருக்காக இல்ல மாமா."

"பின்ன?"

"எனக்கு வேணாம்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல. நீங்க என்னத் தோள்ல தூக்கிட்டுப் போயி பால்வாடில உட்டவரு. எனக்கு மாமா. அதுக்கு மேல வேற மாதிரி நெனைக்க வரல."

ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொறந்ததுலருந்து நீ எங்கிட்டப் பேசுனது மொத்தமே இவ்ளோதான்" என்றார். "அதுவும் இதுக்கா?"

சிரிக்கப் பார்த்தார். முகம் சரியாக வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காபி போட்டாள். தாலிக்கொடி எத்தனை பவுன் என்று ஆரம்பித்தாள். மாமா வாசலிலேயே நின்றார்.

"அக்கா, இது வேணாம்க்கா. ரிப்போர்ட்டுல உள்பக்கத்துல வேற மாதிரி போட்டுருக்காம். ரத்தத்துல இருக்கலாம்னு."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அம்மாவின் கை நின்றுவிட்டது. அப்பா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த ரத்தம்?" என்றாள் அம்மா. "யாரு ரத்தம்? உன் ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணுதான்டா. அப்ப நான் பெத்ததே தப்பா?" அப்பா பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க பேசறீங்களா இல்லயா? நாலு வயசு வரைக்கும் பேசாம இருந்தது உங்க ரத்தமா, என்னுதா?"

"அப்ப ரோஜாத் தோட்டம்னு ஊரு பூரா சொல்லிட்டிருந்தியே, அது?" என்றார் அப்பா.

"சொன்னன். நான் விஷம் தின்னுதான் அதப் பெத்தன்னு சொன்னன். அதயும் நான்தான் சொல்லணும், இதயும் நான்தான் கேக்கணுமா?"

இலக்கியா காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். எனக்கும் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான் பொத்தவில்லை.

"ரத்தம் இல்லம்மா" என்றேன். "தோட்டமும் இல்ல. மாமா எனக்காகச் சொல்றாரு. நான்தான் வேணாம்னு சொன்னன்."

என் குரல் அந்த அறையில் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. அப்பா சட்டையைக் கையில் வைத்தபடி நின்றார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டார்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. இலக்கியாவைக் காட்டிக் கேட்டாள்.

"அப்ப இவள யாரு பாப்பா?"

நான் பார்க்கிறேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்தார்கள். எனக்கே அந்தச் சொல் வாய்வரை வந்தது. அது வெளியே வந்துவிட்டால் இன்னொரு தாலி கட்டிக்கொண்ட மாதிரிதான். நான் வாயை மூடிக்கொண்டேன். மாமாவின் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு அம்மா என்னிடம் பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. தட்டில் சோறு போடுவாள், என் துணியையும் சேர்த்துத் துவைப்பாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அப்பாவிடம் சொல்வாள், அப்பா என்னிடம் சொல்வார். லேமினேட் செய்த தாளை அப்பா எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. ஒரு நாள் அவர் மட்டும் கிருபாராணி மேடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அன்று சாப்பிடும்போது, "மாஸ்க்கு போட்டிருந்தாலும் இதேதான் ஆயிருக்கலாமாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள். தட்டு நிறைந்து வழிந்தது.

முதல் சனிக்கிழமை மாமா வரவில்லை. பஸ்ஸில் போனோம். இலக்கியா ஏற மாட்டேன் என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். இறங்கி நடந்தோம். பாதி தெரபிதான் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை நான் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது கீழே ஹாரன் கேட்டது. மாமா வண்டியை விட்டு இறங்கவில்லை, மேலே பார்க்கவும் இல்லை. இலக்கியா என் கையிலிருந்து நழுவி, ரிப்பன் பாதி கட்டியபடி படி இறங்கி ஓடினாள். டேங்க் மேல் ஏறி உட்கார்ந்தாள். பின் சீட் காலியாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். நான் போகவில்லை. பிறகு கிளம்பிவிட்டார்.

உள்ளே போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வந்தானா?"

பதினான்கு நாளில் அவள் என்னிடம் பேசியது அதுதான்.

"வந்தாரு" என்றேன்.